பந்தயத்துக்குப் போகிற பிள்ளைக்கு மருந்து வாங்கும் முன்

மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலையில் ஓடிவிட்டு வியர்வையோடு வருகிற பிள்ளைகள், கபடி ஆடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருகிறவர்கள், ஜிம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிற பையன்கள் என்று எல்லோரும் கவுண்டருக்கு வருவார்கள். ஊக்கமருந்து என்றதும் "அது பேப்பர்ல வர்ற பெரிய ஆளுங்க சமாச்சாரம், நமக்கென்ன" என்று நினைக்கிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் மாட்டுகிற மருந்துகளைப் பார்த்தால், பெரும்பாலும் பழைய, மலிவான, என் அலமாரியிலோ பக்கத்து ஜிம்மிலோ இருக்கிற சரக்குதான். ரகசிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, சுருக்கமாக வாடா, ஒவ்வொரு ஆண்டும் நாடு வாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. 2022-ல் இந்தியாவில் வீரர்களிடம் எடுத்த சிறுநீர், ரத்த மாதிரிகள் 3,865, அதில் 125-ல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. 2023-ல் 5,606 மாதிரிகள், மாட்டியவை 213. 2024-ல் 7,113 எடுத்தார்கள், 260 மாட்டின. ஆக அந்த மூன்று வருடமும் நூற்றுக்கு மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றது. சீனா 2023-ல் 28 ஆயிரத்துக்கும் மேல் மாதிரி எடுத்தது, மாட்டியது 0.2 சதவீதம். "நாங்க நிறைய சோதிக்கிறோம், அதனாலதான் நிறைய மாட்டுது" என்று ஒரு பதில் வரும். எண்ணிக்கைக்கு அது சரி, சதவீதத்துக்கு எப்படிச் சரியாகும்? சந்தேகப்பட்ட இடமாகப் பார்த்துக் குறிவைத்துச் சோதித்தால் சதவீதம் கூடும் என்பது நியாயமான வாதம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்ற நாடுகளும் கண்ணை மூடிக்கொண்டு சோதிப்பதில்லை.

எந்த விளையாட்டில் அதிகம் என்று பார்த்தால் வருடத்துக்கு வருடம் ஒரே முகங்கள். 2019-ல் ரஷ்யா 167, இத்தாலி 157, மூன்றாவதாக இந்தியா 152 விதிமீறல்கள். அந்த 152-ல் 57 ஆணழகன் போட்டிக்காரர்கள். 2024-ல் இங்கே மாட்டிய மாதிரிகளில் தடகளம் 76, பளுதூக்குதல் 43, மல்யுத்தம் 29. வேகம், எடை, தசை என்று உடம்பை நேரடியாக அளக்கிற விளையாட்டுகள்தான் முன்னால் நிற்கின்றன. செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கிற ஊர் நம்முடையது, கபடியில் எடை வரம்பு உண்டு, எடையைக் குறைக்கிற மாத்திரையும் உண்டு. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எந்த மட்டத்தில் நடக்கிறது என்பதுதான் பெற்றோர் கவனிக்க வேண்டியது. 2023 செப்டம்பரில் டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி. ஊக்கமருந்து அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியது ஒரே ஒருவர். கட்டையும் தண்ணீரும் தாண்டி ஓடுகிற ஜூனியர் ஸ்டீபிள்சேஸில் ஓடிய ஒரு பெண் பிள்ளை எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது, பின்னாலேயே அதிகாரி ஓடினார். கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. இது ஒலிம்பிக் இல்லை, ஒரு மாநில மீட். அங்கே மருந்து போட்டு ஓட என்ன இருக்கிறது என்று கேட்டால், வேலை இருக்கிறது. மாநில மெடல், பல்கலைக்கழக மெடல், தேசிய மெடல் எல்லாம் நம் ஊரில் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சான்றிதழ்கள். போலீஸ், ரயில்வே, கல்லூரி சீட் என்று ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய காகிதம். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து மைதானத்துக்கு வருகிற பையனுக்கு "ஒரே ஒரு மாசம் போட்டுக்கோ, வேலை கெடச்சதும் விட்டுரு" என்று ஒருவர் சொன்னால் அது எவ்வளவு இனிப்பாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். சொல்கிறவர் பெரும்பாலும் வெளியாள் இல்லை. அண்ணன் என்று கூப்பிடப்படுகிறவர்தான்.

இப்போது விதியின் அடிப்படை. இது ஒன்று புரிந்தால் மீதி எல்லாம் புரியும். உங்கள் உடம்பில் தடைப் பொருள் இருந்தால் பொறுப்பு உங்களுடையது. எப்படி உள்ளே போனது என்பது இரண்டாவது கேள்வி, அதற்கும் நீங்கள்தான் ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும். "கோச் கொடுத்தார்" என்பது பதிலாகாது. 2010 காமன்வெல்த் போட்டியில் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய நால்வரில் மூவர் 2011-ல் ஸ்டீராய்டில் மாட்டினார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்கில்தான் ஏதோ இருந்தது என்றார்கள். இங்கே ஒரு வருடத் தடையோடு விட்டார்கள், சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு வருடமாக்கியது. "யாரோ கலந்துவிட்டார்கள்" என்பதும் எளிதில் எடுபடாது. 2016-ல் மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் அப்படித்தான் வாதாடினார், உள்ளூரில் விடுவித்தார்கள், ரியோ ஒலிம்பிக்கில் களம் இறங்கும் முன்பே அதே நடுவர் மன்றம் நாலு வருடத் தடை போட்டது. நம் பக்கத்து ஊர் திருச்சி ஓட்டக்காரி கோமதி மாரிமுத்து 2019-ல் தோகாவில் ஆசியத் தங்கம் வாங்கியபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். நாண்ட்ரலோன் என்கிற ஸ்டீராய்டு என்று முடிவு வந்து மெடலும் போய் நாலு வருடமும் போனது.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிள்ளை வாயில் போகிற ஒவ்வொரு மாத்திரை, சிரப், பவுடர், லேகியம், ஊசி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். அட்டையையும் பில்லையும் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். பேட்ச் நம்பர் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். இது எதற்கு என்று கீழே வரும்.

சரி, மருந்து எந்தெந்த வழியாக உள்ளே வருகிறது?

என் தொழிலுக்கே கெட்ட பேர் வாங்கித் தருகிற ஒன்றில் ஆரம்பிக்கிறேன்: செட் மாத்திரை. "அண்ணே, காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க", "உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் கட்டிக் குடுங்க." நாலைந்து மாத்திரையைப் பிரித்து ஒரு பேப்பர் கவரில் போட்டு நீட்டுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை. அந்தக் கவரைக் கையில் கொட்டிப் பாருங்கள். பெரிய வெள்ளை மாத்திரை பாராசிட்டமால், அதில் சிக்கல் இல்லை. ஓரத்தில் சோளப்பொரி உடைசல் அளவுக்கு ஒரு பொடி மாத்திரை கிடக்கும். அது பல சமயம் டெக்சாமெத்தசோனாகவோ பீட்டாமெத்தசோனாகவோ இருக்கும். ஒரே வேளையில் காய்ச்சலும் வலியும் பறந்துபோவதற்கு அதுதான் காரணம். இரண்டும் ஸ்டீராய்டு. ஜிம்மில் தசைக்குப் போடுகிற வகை இல்லை, வீக்கம் குறைக்கிற வகை. ஆனால் வாயால் சாப்பிட்டாலும் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தின நாள் இரவு 11:59-க்கு ஆரம்பித்து, போட்டியும் அதோடு சேர்ந்த மாதிரி எடுப்பும் முடியும் வரை. மாத்திரை என்றால் குறைந்தது 3 நாள் இடைவெளி வேண்டும் என்று வாடா சொல்கிறது. ஊசிக்கு மருந்தைப் பொறுத்து நாள் கூடும். டிரையாம்சினலோன் என்கிற ஸ்டீராய்டைத் தசையில் போட்டால் 60 நாள். முட்டி வலிக்கு மூட்டுக்குள் போடுகிற ஊசிக்கும் 2022-லிருந்து போட்டிக் காலத்தில் தடை வந்துவிட்டது. பழைய கோச் சிலருக்கு இது இன்னும் தெரியாது, "மூட்டுல போட்டா தப்பில்ல" என்பார்கள். நம்பாதீர்கள்.

விளையாடுகிற பிள்ளைக்கு பிரித்த மாத்திரை வேண்டவே வேண்டாம். டாக்டர் சீட்டு, முழு அட்டை அல்லது பேர் தெரிகிற மாதிரி வெட்டிய அட்டை, பில். இந்த மூன்றும் தராத கடையில் வாங்காதீர்கள். என் கடையாக இருந்தாலும்தான்.

அடுத்தது இருமல் சிரப். 2019-ல் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை வந்தது டெர்பியூட்டலின் என்ற பொருளால், இருமலுக்குக் குடித்த சிரப்பில் இருந்தது என்றார்கள். அதற்கு முன்னால் யூசுப் பதான் ஐந்து மாதம், அதே பொருள். இரண்டு பேரும் பணத்துக்கோ டாக்டருக்கோ குறை உள்ளவர்கள் இல்லை, பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் திருப்பிப் படியுங்கள். "ஒவ்வொரு 5 மி.லி.யிலும்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிற பொடி எழுத்து வரிசையில் டெர்பியூட்டலின் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். சளியைக் கரைக்கிற புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால், குய்ஃபெனசின் இவற்றுக்குத் தடை இல்லை. வம்பு என்னவென்றால் நம் நாட்டு சளி சிரப்புகளில் பலவற்றில் டெர்பியூட்டலினோ லீவோசால்பியூட்டமாலோ இவற்றோடு கலந்துதான் வருகிறது, பேரிலும் டப்பா நிறத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கடைசியில் இரண்டு எழுத்து மாறியிருக்கும், உள்ளே சரக்கே வேறாக இருக்கும். சால்பியூட்டமால் வகையை வாயால் குடிக்கக் கூடாது. இன்ஹேலராக இழுத்தால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகாமல் அனுமதி. டெர்பியூட்டலினுக்கு இன்ஹேலரிலும் அனுமதி இல்லை. வறட்டு இருமலுக்குத் தருகிற டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், சளிக்கான குளோர்பெனிரமின் இரண்டும் பரவாயில்லை. சூடோஎபெட்ரின் கலந்த ஜலதோஷ மாத்திரையைப் போட்டி வாரத்தில் தொடாதீர்கள், அதற்கு அளவு வரம்பு இருக்கிறது, வரம்பை நீங்கள் வீட்டில் அளக்க முடியாது.

அப்புறம் ட்ரிப்ஸ். நம் ஊரில் காய்ச்சல் வந்தாலும் ட்ரிப்ஸ், களைத்தாலும் ட்ரிப்ஸ், திருவிழா முடிந்து அலுப்பாக இருந்தாலும் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு எழுந்து போவோம். விளையாட்டு வீரருக்கு 12 மணி நேரத்தில் 100 மி.லி.-க்கு மேல் நரம்பு வழியாக எது ஏற்றினாலும் விதிமீறல், வெறும் உப்புத் தண்ணீராக இருந்தாலும். சாதாரண பாட்டில் ஒன்றே 500 மி.லி. இதற்குப் போட்டிக் காலம், பயிற்சிக் காலம் என்ற பிரிவே கிடையாது, வருடம் முழுக்கத் தடை. ஆஸ்பத்திரிச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை இவற்றுக்கு விலக்கு உண்டு. டெங்கு என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்து ஏற்றினால் கேஸ் ஷீட் இருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும், பயமில்லை. தெருமுனை கிளினிக்கில் மேசையில் படுத்து "தெம்புக்கு" ஏற்றிக்கொள்வது அந்த விலக்கில் வராது. வெயிலில் ஓடிக் களைத்தால் ஓ.ஆர்.எஸ்., இளநீர், உப்புப் போட்ட மோர் போதும். சத்து ஊசி என்று கைகளில் போடுகிற பி12 ஊசிக்குத் தடை இல்லை, ஆனால் ஆம்பூலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லி பேரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி என்றதும் மெபென்டர்மின் ஞாபகம் வருகிறது. மயக்க மருந்து கொடுக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்தால் ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற மருந்து அது. அதை ஜிம்மிலும் கபடி பந்தயத்திலும் "பம்ப்"புக்கு என்று போட்டுக்கொள்கிறார்கள், தமிழ்நாட்டில் போலீஸ் இதைப் பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. கடைக்கு வந்து பேரைச் சொல்லிக் கேட்கவே செய்வார்கள், பதினெட்டு வயது கூட ஆகாத முகங்கள். போட்டிக் காலத்தில் இது தடை, மாட்டினால் நாலு வருடத்தில் பேச்சு ஆரம்பிக்கும். அதைவிட, இதயம் எப்போது தாளம் தப்பும் என்று சொல்ல முடியாது. பிள்ளையின் பையில் சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பி ஏதாவது இருந்தால் முதலில் அதன் பேரைப் படித்துவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள்.

தசைக்கு என்று ஜிம்மில் போடுகிறவை நாண்ட்ரலோன், ஸ்டானசலால், மெத்தாண்டியனோன், டெஸ்டோஸ்டிரோன். பல பத்து வருடப் பழைய சரக்கு, ஆனால் இந்தியாவில் இன்றைக்கும் மாட்டுவது இவைதான். எட்டு வாரம், பத்து வாரம் போட்டு நிறுத்துவதை "சைக்கிள்" என்பார்கள், நிறுத்தியதும் உடம்பு சரிக்கட்ட டாமாக்சிபென், குளோமிபென் என்று அடுத்த செட். மார்பகப் புற்றுநோய்க்கும் குழந்தையில்லாத பெண்களுக்கும் கொடுக்கிற மாத்திரைகள் அவை. அவற்றுக்கும் எப்போதும் தடை. "நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு, ஒண்ணும் தெரியாது" என்கிற ஜிம் மாஸ்டர் பேச்சை நம்ப வேண்டாம், நாண்ட்ரலோனின் எச்சம் மாதக்கணக்கில் சிறுநீரில் நிற்கும். எங்கள் கடையில் இதெல்லாம் சீட்டு இல்லாமல் கிடைக்காது, ஆனால் பார்சலில் வருகிறது, அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

பவுடர் டப்பா. புரதப் பவுடர் என்ற பொருளுக்குத் தடை எதுவும் இல்லை. பவுடரில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. "மாஸ் கெயினர்", "ஃபேட் பர்னர்", "ப்ரீ ஒர்க்கவுட்" என்று எழுதிய டப்பாக்கள்தான் அதிக ஆபத்து. 2010 காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன் நம் வீரர்கள் பலர் மெத்தில்ஹெக்சேனமின் என்ற ஊக்கியில் மாட்டினார்கள், அது டப்பாவில் ஜெரேனியம் சாறு என்று பூப்பேரில் ஒளிந்திருக்கும். இப்போது தசையை வளர்க்க ஸ்டீராய்டு மாதிரியே வேலை செய்கிற ஆஸ்டரின், லிகாண்ட்ரால் போன்ற சார்ம்ஸ் வகைகள் வந்திருக்கின்றன. டப்பாவில் "கூட்டுக் கலவை" என்று போட்டு உள்ளே என்னென்ன எவ்வளவு என்று சொல்லாமல் விட்டிருந்தால் வாங்காதீர்கள். லூசில் அளந்து தருகிற பவுடரை, ஜிம் மாஸ்டர் பேர் ஒட்டிய டப்பாவை, வாங்கவே வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால் பேட்ச் வாரியாகத் தனி ஆய்வுக்கூடத்தில் சோதித்து முத்திரை போட்ட பிராண்டாகப் பாருங்கள், பில்லோடு வாங்கி, தீர்ந்த பிறகும் டப்பாவையும் அடியில் நாலு ஸ்பூன் பவுடரையும் வைத்திருங்கள். நாளைக்கு "கலப்படம்" என்று வாதாட வேண்டி வந்தால் சோதிக்க ஒரு பொருள் கையில் வேண்டும். கலப்படம்தான் என்று நிரூபித்தால் தண்டனை வெறும் எச்சரிக்கை வரைகூடக் குறையலாம், நிரூபிக்காவிட்டால் பேச்சுதான் மிச்சம். என்னைக் கேட்டால், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாலு முட்டை, வேர்க்கடலை, சுண்டல், வாரம் இரண்டு நாள் மீன் கொடுக்கிற வீட்டில் டப்பாவுக்கு அவசியமே இல்லை. டப்பா விற்று நானும் லாபம் பார்க்கிறவன்தான், அதையும் தெரிந்துகொண்டே சொல்கிறேன்.

நாட்டு மருந்து என்றால் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகருக்கு 21 மாதத் தடை வாங்கிக் கொடுத்த ஹைஜெனமின் செடிகளில் இயற்கையாகவே இருப்பது. நம் எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னின் இருக்கிறது, அது வாடா பட்டியலில் பேர் போட்டு இருக்கிற ஊக்கி. விஷம் போகச் சுத்தி செய்து மருந்தில் சேர்ப்பார்கள், வைத்தியத்துக்கு அது சரியாக இருக்கலாம், சோதனைக் கருவிக்குச் சுத்தி தெரியாது. மூட்டு வலி, நரம்புத் தளர்ச்சி என்று வருகிற உருண்டைகளில் எட்டி சேர்ந்திருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சொல்ல மாட்டேன் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். கசகசா விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: அதில் மார்பின் சிறிதளவு உண்டு, போட்டிக்கு முந்தின இரண்டு மூன்று நாள் கசகசாப் பால், கசகசா அரைத்த குருமா வேண்டாம். சுக்குமல்லிக் காபி, கருப்பட்டி, பருத்திப்பால் பற்றிக் கேட்கிறார்கள், தாராளமாகக் குடிக்கலாம். காபியில் இருக்கிற காஃபீனை வாடா கண்காணிக்க மட்டும் செய்கிறது, தடை இல்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடை காட்டும் முன் எடையைக் குறைக்க லாசிக்ஸ் போடுகிற பழக்கம் பளுதூக்குதல், ஜூடோ, மல்யுத்தம், கபடி எல்லாவற்றிலும் இருக்கிறது, சிறுநீர் பெருக்கிகள் முழுக்கத் தடை, மற்ற மருந்தை மறைக்கவும் பயன்படும் என்பதால். தாத்தாவின் பிரஷர் மாத்திரையிலும் அது இருக்கும், வீட்டு மருந்துப் பெட்டியைத் தனியாக வையுங்கள். வலி மாத்திரையில் டிரமடால் கலந்தது 2024 ஜனவரி 1-லிருந்து போட்டிக் காலத்தில் தடை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுபுரோபன் பரவாயில்லை. துப்பாக்கி சுடுதல், வில்வித்தை ஆடுகிறவர்களுக்கு அட்டெனலால் போன்ற மாத்திரைகள் தடை, கை நடுக்கத்தைக் குறைக்கும் என்பதற்காக. போட்டி நாளில் மாதவிடாய் வராமல் இருக்கப் பெண் பிள்ளைகள் நாரெதிஸ்டெரோன் மாத்திரை கேட்டு வருவார்கள், வெட்கப்பட்டு அம்மாவை அனுப்புவார்கள். அதற்குத் தடை இல்லை, ஆனால் அதன் எச்சம் நாண்ட்ரலோன் எச்சத்தைப் போலக் கொஞ்சம் காட்டும், ஆய்வுக்கூடம் அதைப் பிரித்தறியும். மாதிரி கொடுக்கும்போது படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும். அண்ணன்மார் முன்னால் எழுத வெட்கமாக இருக்கிறது என்று விடக் கூடாது.

பட்டியலை யார் பார்த்துச் சொல்வது? பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மாறும், போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடம் தடையாகலாம். நம் தேசிய முகமை நாடா, "நோ யுவர் மெடிசின்" என்று ஒரு செயலி வைத்திருக்கிறது, மருந்தின் பேரைப் போட்டால் விளையாட்டு வாரியாகச் சொல்லும். பிராண்ட் பேர் கிடைக்காவிட்டால் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கிற மூலப்பொருள் பேரைப் போடுங்கள். டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமே "சார், பிள்ளை தடகளம் ஆடுது, டோப் டெஸ்ட் வரும்" என்பதாக இருக்கட்டும். என்னைப் போன்ற கடைக்காரரிடமும் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

உண்மையாகவே தடை மருந்து தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. சிறு வயதுச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் இல்லாமல் முடியாது, இன்சுலின் பட்டியலில் இருக்கிறது. இன்ஹேலரில் அடங்காத ஆஸ்துமா இன்னொன்று. இதற்குச் சிகிச்சை விலக்கு அனுமதி என்று நாடாவிடம் வாங்க வேண்டும், டாக்டரின் முழு அறிக்கை, பரிசோதனை முடிவுகளோடு, போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால். இன்சுலினை நிறுத்திவிட்டு ஓடவிடுகிற முட்டாள்தனம் மட்டும் வேண்டாம். காகித வேலைதான், செய்துவிடலாம்.

இனி, அதிகாரி வந்து தோளைத் தொட்டால் என்ன செய்வது. ஓட வேண்டாம், ஒளிய வேண்டாம், "கொடுக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டாம். மறுப்பதே மாட்டியதற்குச் சமம். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பஜ்ரங் புனியாவுக்கே 2024 மார்ச்சில் மாதிரி கொடுக்க மறுத்ததற்கு நாலு வருடத் தடை போட்டார்கள். சோதனைக் கருவி காலாவதி, அதிகாரி நடத்தை சரியில்லை என்று எந்தப் புகார் இருந்தாலும் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் படிவத்தில் புகாரை எழுதுங்கள், அதற்கு இடம் இருக்கிறது. அதிகாரியின் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் பெற்றோரோ கோச்சோ கூட இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். கிட்களில் எதை எடுப்பது என்று தேர்ந்தெடுப்பது பிள்ளைதான், சீல் உடையாமல் இருக்கிறதா, மாதிரியைப் பிரித்து ஊற்றுகிற ஏ பாட்டில், பி பாட்டில், படிவம் மூன்றிலும் ஒரே எண்ணா என்று விரலை வைத்துச் சரிபாருங்கள். குறைந்தது 90 மி.லி. வேண்டும், வரவில்லை என்றால் காத்திருக்க வைப்பார்கள். சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் மட்டும் குடியுங்கள், அதற்காகக் குடம் குடமாகக் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய் இன்னொரு முறை கொடுக்கச் சொல்வார்கள். பாட்டிலை மூடி இறுக்குவது உங்கள் கை, தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதும் நீங்கள்.

கடைசியாகப் படிவம். கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்து, பவுடர் எல்லாம் எழுதச் சொல்வார்கள். அந்த நாற்பது பக்க நோட்டு இங்கேதான் வேலைக்கு வரும். எல்லாவற்றையும் எழுதுங்கள், பேர் தெரியாத செட் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதியதால் தப்பித்துவிட முடியாது, ஆனால் எழுதாமல் விட்டுவிட்டு அப்புறம் "சிரப் குடிச்சேன்" என்றால் யார் நம்புவார்கள்? நகலை வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

மோசமான செய்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தை மெத்தைக்கு அடியில் மறைத்து வைத்தால் நாள் போகும், உரிமையும் போகும். முதலில் சோதிப்பது ஏ பாட்டிலை மட்டும்தான், மூடி வைத்திருக்கிற பி பாட்டிலையும் திறந்து சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு நாள் கெடு உண்டு. ஸ்டீராய்டு போன்றவற்றுக்கு நாலு வருடத்தில் ஆரம்பிப்பார்கள், வேண்டுமென்று செய்யவில்லை என்று நிரூபித்தால் இரண்டாகக் குறையும். இருமல் சிரப் வகைப் பொருள்களுக்கு இரண்டு வருடத்தில் ஆரம்பம், தவறு சிறியது என்றால் இன்னும் குறையும், பிரித்வி ஷாவுக்கு எட்டு மாதம் ஆன மாதிரி. நாலு வருடக் குற்றச்சாட்டில், செய்தது உண்மை என்றால், குற்றச்சாட்டுக் கடிதம் கிடைத்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையையும் ஏற்றுக்கொண்டால் ஒரு வருடம் குறையும். இந்த 20 நாளைத்தான் நம் பிள்ளைகள் அழுதும் சங்கத்துக்காரர் பின்னால் அலைந்தும் கழித்துவிடுகிறார்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு, 18-க்குக் கீழே பலருக்கும் உண்டு. விசாரணை நாடாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில், அதற்கு மேல் முறையீட்டுக் குழு. 2022-ல் வந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தில் வீரருக்கு ஜெயில் கிடையாது, ஆகவே "போலீஸ் வரும், நான் பாத்துக்கிறேன்" என்று காசு கேட்கிறவரைக் கிட்ட சேர்க்காதீர்கள்.

தடைக் காலத்தில் அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்துகிற எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது, வேறு விளையாட்டிலும் கூடாது, கோச்சாக நிற்கவும் கூடாது. அணியோடு சேர்ந்து பயிற்சி எடுக்கக் கடைசி இரண்டு மாதமோ தடையின் கடைசி கால் பகுதியோ, எது குறைவோ அப்போதுதான் விடுவார்கள். அதுவரை தனியாக ஓடிக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. அந்தக் காலத்திலும் மாதிரி எடுக்க ஆள் வரும், அப்போதும் கொடுக்க வேண்டும்.